முதலில் வெறும் ஸ்லைடு

அவருக்குத் தலைவலி வந்தால் மாத்திரையை எடுத்து மேசைமேல் வைப்பார். விழுங்க மாட்டார். அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

“மேடம், மாத்திரையைப் பார்த்தா வலி போகாது. அது வயித்துக்குள்ள போகணும்” என்பேன்.

“தெரியும் சார். தானாப் போகுதான்னு முதல்ல பார்க்கறேன். இப்பவே முழுங்கிட்டு வலி போச்சுன்னா, மாத்திரையால போச்சா, போற நேரம் வந்து போச்சான்னு எப்படித் தெரியும்?”

“போனா சரிதானே மேடம்?”

“உங்களுக்குச் சரி.”

எனக்கு எல்லாமே சரிதான். தலைவலி வரும்போல் இருக்கிறது என்று தோன்றினாலே மாத்திரை போடுகிற ஆள் நான். அது கேட்காதோ என்ற பயத்தில் இன்னொன்றும் போடுவேன். இரண்டு போட்டுவிட்டோமே என்ற பயத்தில் மனைவிக்குப் போன் செய்வேன். பயம் வந்தால் சிலருக்கு வியர்க்கும். எனக்கு வேடிக்கைப் பேச்சு வரும். என் நகைச்சுவை உணர்வைப் பாராட்டுகிறவர்களுக்கு நான் எவ்வளவு பயந்தவன் என்பது தெரியாது. அவருக்குத் தெரிந்திருந்தது.

தாம்பரத்துக்கும் இரும்புலியூருக்கும் நடுவே, ஜி.எஸ்.டி. சாலையின் லாரிகளுக்கு ஜன்னல் கண்ணாடி நடுங்குகிற ஒரு மாடியில் எங்கள் ஆய்வுக்கூடம். இரண்டாயிரத்தைத் தாண்டிய வருடங்கள். என்னோடு படித்தவர்கள் சிறுசேரிக்குக் கம்பெனி பஸ் ஏறிக்கொண்டிருந்தபோது நான் புழு வளர்த்துக்கொண்டிருந்தேன். மண்ணில் வாழும் குட்டிப் புழு. அச்சில் ஒரு காற்புள்ளி அளவுதான் இருக்கும். உடம்பு கண்ணாடி மாதிரி. உள்ளே இருப்பதெல்லாம் வெளியே தெரியும். அவற்றுக்குத் தட்டில் பாக்டீரியா தடவிச் சோறு போடுவது என் வேலை. அவற்றின் உயிரணுவுக்குள் எட்டிப் பார்ப்பது அவர் வேலை. எனக்கு அவர் மேலதிகாரி. வயதில் ஒன்றிரண்டு கூடக் குறைய இருக்கலாம். கேட்டதில்லை. எல்லாரையும் ‘சார்’ என்பார். சோப்பு போட்டுக் கண்ணாடி கழுவுகிறவரையும்.

அவர் தேடியதைச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு உயிரணுவுக்குள்ளும் உட்கரு என்று ஒன்று உண்டு. வங்கிக்குள் லாக்கர் அறை மாதிரி. மரபணுக்கள் எல்லாம் அதற்குள்தான். அங்கே சின்னச் சின்ன ஆர்.என்.ஏ. துண்டுகள் நுழைகின்றன. மற்ற ஆர்.என்.ஏ.க்களைப் போல இவை புரதம் எதையும் செய்ய வைப்பதில்லை. தமக்குப் பொருத்தமான மரபணுவின் பக்கத்தில் போய் நின்று ‘நீ கொஞ்சம் சும்மா இரு’ என்று அடக்கிவிடும். அவ்வளவுதான் உத்தியோகம். அவை உட்கருவுக்குள் இருக்கின்றன என்பதில் யாருக்கும் சண்டையில்லை. எந்த இடத்தில்? நடுவிலா, ஓரத்திலா, கூட்டமாகவா, சிதறியா? இதுதான் அவர் கேள்வி.

“ஒரு டப்பா புழுவை அரைச்சா எவ்வளவு இருக்குன்னு சொல்லிடலாம் சார். ஆனா அரைச்சா அட்ரஸ் போயிடும்” என்பார். “இருக்குங்கறது பாதி பதில். எங்கேங்கறதுதான் மீதி.”

அட்ரஸ் கண்டுபிடிக்கும் வழி இது. புழுக்களைக் கண்ணாடி ஸ்லைடில் ஒட்டி, மேலே மெல்லிய கண்ணாடி மூடி, உறைய வைத்து, மூடியை பிளேடால் சட்டென்று தெறிக்க விட வேண்டும். புழுவின் தோல் கிழியும். அந்தக் கிழிசல் வழியாக, சிவப்பாக ஒளிரும் சாயம் கட்டிய ஒரு துண்டை உள்ளே அனுப்ப வேண்டும். அதற்கு புரோப் என்று பெயர். நாம் தேடும் ஆர்.என்.ஏ. எங்கே இருக்கிறதோ அங்கே போய் அது ஒட்டிக்கொள்ளும். மிச்சத்தைக் கழுவிவிட்டு இருட்டறை மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் சிவப்புப் புள்ளி. கூடவே இன்னொரு ஸ்லைடும் செய்வோம். அதே புழு, அதே கழுவல், புரோப் மட்டும் கிடையாது. ஊர் உலகத்தில் அதற்கு கன்ட்ரோல் என்று பெயர். அவர் ‘வெறும் ஸ்லைடு’ என்பார்.

எல்லோரும் சாயம் போட்டதை முதலில் பார்ப்பார்கள். சந்தேகம் வந்தால்தான் வெறும் ஸ்லைடு. அவர் வெறும் ஸ்லைடை முதலில் வைப்பார். ஒன்றுமே இல்லாத இருட்டை, கோயிலில் நடை திறக்கக் காத்திருப்பவரைப் போல அவ்வளவு நேரம் பார்ப்பார். தலைக்குமேல் விமானப்படைப் பயிற்சி விமானம் போனால் திருகிலிருந்து கையை எடுத்துவிட்டு, சத்தம் அடங்கினதும் மறுபடி பார்ப்பார்.

“இருட்டுல என்ன மேடம் அவ்வளவு நேரம்?”

“முதல்ல வெளிச்சத்தைப் பார்த்துட்டா, அப்புறம் இருட்டுலயும் வெளிச்சம் தெரியும் சார்.”

இதற்கு நானே நடமாடும் சாட்சி ஆனேன். ஒரு நாள் அவர் வருவதற்குள் புது ஸ்லைடை நானே பார்த்துவிட்டேன். புழுவின் குடல் நெடுக, பெரிய பெரிய உட்கருக்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் பளபளவென்று புள்ளிகள்! உலகத்தில் முதன்முதலாக இதைப் பார்க்கும் கண் என் கண் என்று தோன்றியது. அந்தக் கண்ணுக்கு அப்போது பவர் இரண்டு. நேராக ஆய்வுக்கூடத் தலைவர் அறைக்கு ஓடினேன். அவர் சந்தோஷத்தில் மைசூர்பாகு வாங்கி வரச் சொல்லிவிட்டார். கணக்குப் பிரிவு, வாட்ச்மேன் உட்பட எல்லார் வாயிலும் மைசூர்பாகு இருக்கும்போது மேடம் உள்ளே வந்தார்.

“வெறும் ஸ்லைடு எங்க?”

என் வாயிலிருந்த மைசூர்பாகு அங்கேயே நின்றுவிட்டது.

வெறும் ஸ்லைடை வைத்தார். அதிலும் அதே பளபளப்பு. “குடல் தானாவே மின்னும் சார். நம்ம சாயம் வேணும்னே அவசியமில்ல.” பிறகு என் ஸ்லைடை வைத்து, ஃபோகஸ் திருகை என் கையில் கொடுத்தார். “மெதுவாத் திருப்புங்க. உட்கரு தெளிவா இருக்கறப்ப புள்ளி தெளிவா இருக்கா?”

“இல்ல. மங்கலா இருக்கு.”

“புள்ளி தெளிவா இருக்கறப்ப?”

“உட்கரு மங்கல்.”

“அப்ப ரெண்டும் வேற வேற மாடியில இருக்கு. புள்ளி மேல மிதக்குது, உட்கரு கீழ இருக்கு. மொட்டை மாடிலேர்ந்து எட்டிப் பார்த்தா கொடில காயற சட்டை கீழ்வீட்டு வாசல்ல கிடக்கற மாதிரி தெரியும்ல? அது மாதிரி.”

பாத்திரங்களை நீராவியில் சுடவைக்கும் ஆட்டோகிளேவ் அறையில் போய் ஒளிந்துகொண்டேன். சூட்டில் வியர்த்தால் யாருக்கும் காரணம் தெரியாது என்பது என் கணக்கு. சற்று நேரத்தில் கதவைத் தட்டினார். கையில் காகிதத்தில் ஒரு துண்டு.

“கடைசித் துண்டு சார். நான் சாப்பிட்டுப் பார்த்துட்டேன். மைசூர்பாகு உண்மைதான்.”

திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

கோடையில் ஒரு நாள் மின்சாரம் போனது. ஜெனரேட்டரும் இருமிவிட்டுப் படுத்துக்கொண்டது. எங்கள் புழுக்களுக்கு இருபது டிகிரி வேண்டும். தாம்பரத்து மதியத்துக்கு அது தெரியாது. சூடு ஏறினால் புழுக்கள் மலடாகிவிடும், பல மாத வேலை போய்விடும். நான் ஹெல்மெட்டை முன்பின்னாகப் போட்டுக்கொண்டு, அதுகூடத் தெரியாமல், மீன் மார்க்கெட்டுக்குப் பறந்தேன். கோவளம் பக்கத்திலிருந்து மீன் கொண்டுவந்து விற்கும் ஒரு அக்கா அங்கே தெர்மோகோல் பெட்டியோடு உட்கார்ந்திருந்தார்.

“அக்கா, ஐஸ் மட்டும் வேணும்.”

“இன்னா சார், மீனு வாங்காத ஐஸு கேக்கறே? வூட்ல இன்னா விசேஷம்?”

“புழுவுக்குக்கா.”

“எதுக்கு?”

“புழு. உயிரோட இருக்கு. சூடு தாங்காது.”

அவர் பக்கத்துக் கடைக்காரரிடம் திரும்பினார். “கேட்டியாண்ணா? எங்க வூட்டுக்காரரு தூண்டில்ல மாட்ட புழு தேடிகினு கீறாரு. இந்த சார் புழுவுக்கு ஐஸு வெச்சிகினு கீறாரு!” பெட்டியோடு தூக்கிக் கொடுத்தார். “எட்துகினு போ. பெட்டி திரும்ப வரணும். புழு வரக்கூடாது.”

மூச்சு வாங்க மாடியேறினேன். அவர் பதற்றமில்லாமல், ஐஸ் மேலே நேராகப் படாதபடி துணி விரித்து, தெர்மாமீட்டர் செருகி, தட்டுகளை ஒவ்வொன்றாக அடுக்கினார். கடைசியாக ஒரு தட்டை எடுத்து வெளியே, வெறும் மேசைமேல் வைத்தார்.

“மேடம், அது விட்டுப்போச்சு.”

“விட்டுப்போகல. அது வெளிய இருக்கட்டும்.”

“செத்துடும் மேடம்!”

“எல்லாத்தையும் காப்பாத்திட்டா, நாம காப்பாத்தினோமான்னு எப்படித் தெரியும்?”

எனக்கு அன்று அவரைப் பிடிக்கவில்லை. தட்டில் நெளிந்துகொண்டிருந்தவற்றின் கண்ணைப் பார்க்க முடியவில்லை என்று எழுத ஆசைதான். அவற்றுக்குக் கண் கிடையாது. அந்தத் தட்டுப் புழுக்கள் பிறகு முட்டையிடவில்லை. பெட்டிக்குள் இருந்தவை இட்டன. அவர் வெளித் தட்டை உடனே தூக்கிப் போடவில்லை. அதற்கும் கடைசிவரை பாக்டீரியா தடவச் சொன்னார். தினமும் மற்றவற்றுக்கு முன்னால் அதைத்தான் போய்ப் பார்த்தார்.

அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. சாப்பாட்டு நேரத்தில் கணக்குப் பிரிவு அம்மாள் ஒருநாள் கேட்டேவிட்டார்: “ஏம்மா, நல்லாத்தானே இருக்கே, ஏன் பண்ணிக்கல?”

“என்கூடப் படிச்சவங்க எல்லாரும் பண்ணிக்கிட்டாங்க. யாராவது ஒருத்தர் கன்ட்ரோலா இருக்கணும்ல?”

மேசையே சிரித்தது. எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தவன் நான். சிரித்து முடித்துப் பார்த்தபோது அவர் டிபன் பாக்ஸ் மூடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஏற்கெனவே துடைத்த மூடி.

மாடம்பாக்கத்தில் ஒரு கீழ்வீட்டில் குடியிருந்தார். வாடகைக்கு எடுக்கும் முன்னால், சாமான் எதுவும் இல்லாத அந்த வீட்டில் ஒரு மணி நேரம் தனியாக உட்கார்ந்து பார்க்கலாமா என்று கேட்டதாகவும், வீட்டுக்காரர் மிரண்டுபோய் புரோக்கரைக் கூப்பிட்டதாகவும் அவரே சொன்னார். ஒருமுறை கையெழுத்து வாங்கப் போனேன். கூடத்தில் ஒரே ஒரு நாற்காலி. என்னை அதில் உட்கார வைத்துவிட்டு அவர் நின்றுகொண்டார்.

“இன்னொண்ணு வாங்கக் கூடாதா மேடம்?”

“யாராவது வந்தா வாங்கலாம்னு.”

“நான் வந்திருக்கேனே?”

“நீங்க கையெழுத்துக்கு வந்திருக்கீங்க.”

தினமும் சாயங்காலம் இரும்புலியூர் சிக்னல் பக்கத்து டீக்கடைக்கு இருவரும் போவோம். டீ மாஸ்டர் எங்களைத் தூரத்தில் பார்த்ததும் கிளாஸை எடுத்துவிடுவார். மேடத்துக்குச் சர்க்கரை இல்லாமல் ஸ்ட்ராங்காக. கேட்கவே மாட்டார். ஒரு வாரம் மேடம் டீக்கு வரவில்லை. வேலை என்றார். அடுத்த திங்கட்கிழமை, தட்டில் புழு எப்படி இருக்கிறது என்று கேட்கிற அதே குரலில் கேட்டார்:

“போன வாரம் நான் டீக்கு வரல. ஏதாவது வித்தியாசம் தெரிஞ்சுதா?”

அவர் அந்த வாரம் முழுக்க வேலை ஏதுமில்லாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. தன்னையே எடுத்து வெளியே வைத்துவிட்டுப் பார்த்திருக்கிறார். எனக்குப் பயம் வந்தது. பயம் வந்தால் எனக்கு என்ன வரும் என்று சொல்லியிருக்கிறேன்.

“தெரிஞ்சுது மேடம். வாழைக்காய் பஜ்ஜி ஒண்ணு மிச்சமாச்சு. அதையும் நானே சாப்பிட்டேன்.”

“சரி” என்று தலையாட்டினார், விடை குறித்துக்கொண்டவர் மாதிரி. “பஜ்ஜி.”

திட்டத்தை நீட்டிப்பதா மூடுவதா என்று முடிவு செய்யக் கமிட்டி வரும் என்றார்கள். அவர் குடலை விட்டுவிட்டு, புழுவின் கருவணுக்கள் வரிசையாக அடுக்கியிருக்கும் இடத்துக்கு வந்திருந்தார். அங்கே தானாக மின்னுவது எதுவும் கிடையாது. இருந்த கடைசி புரோப்பைப் போட்டார். படம் வந்தது. நான் இந்தமுறை மைசூர்பாகு பற்றி நினைக்கக்கூட இல்லை. ஆனால் படம் அப்படி இருந்தது. ஒவ்வொரு உட்கருவிலும் சின்னச் சிவப்புப் புள்ளிகள், ஓரத்தில்.

வெறும் ஸ்லைடும் இருட்டாகத்தான் இருந்தது. தலைவர் கையைத் தட்டினார்.

“அம்மா, பிரமாதம். ரெண்டு படத்தையும் பக்கத்துல பக்கத்துல போட்டுடுங்க.”

“சார், வெறும் ஸ்லைடுல புழுவே இல்ல. கழுவறப்ப எல்லாம் அடிச்சுக்கிட்டுப் போயிடுச்சு. புழு இல்லாத கண்ணாடி இருட்டா இருக்கறதுல என்ன சார் இருக்கு?”

“கமிட்டிக்கு அது தெரியவா போகுது?”

“எனக்குத் தெரியும் சார்.”

இரண்டு ஸ்லைடையும் ஒன்றாகச் செய்தால்தான் ஒப்பிட முடியும்; மறுபடி செய்யப் புரோப் இல்லை. வெளிநாட்டிலிருந்து வரச் சில மாதங்கள் ஆகும். கமிட்டி காத்திருக்காது.

கமிட்டி வந்த அன்று புரொஜெக்டர் என் பொறுப்பு. பதற்றத்தில் முதல் படமே தலைகீழாக வந்தது. கமிட்டி கழுத்தைச் சாய்த்துக்கொண்டது. சிவப்புப் புள்ளிகள் வந்ததும் எல்லாரும் நிமிர்ந்தார்கள். ஒருவர் “அருமை” என்றார். யாரும் எதுவும் கேட்கவில்லை. அவர் அங்கேயே நிறுத்தியிருந்தால் போதும். ‘நிறுத்துங்க மேடம்’ என்று மனசுக்குள் கத்தினேன்.

“இதுக்கு வெறும் ஸ்லைடு சரியா வரல” என்றார். “அதனால இது உண்மையான்னு எனக்குத் தெரியாது.”

நீட்டிப்பு கிடைக்கவில்லை.

செங்கல்பட்டைத் தாண்டி ஒரு பள்ளியில் பிளஸ் டூவுக்கு உயிரியல் எடுக்கப் போனார். வழியனுப்பு விழா வேண்டாம் என்றார். மாடம்பாக்கம் வீட்டைக் காலி செய்தார். நாற்காலியைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டாராம். நான் புழுக்களோடு இருந்தேன். இன்னொரு திட்டத்தில் ஒட்டவைத்திருந்தார்கள். இருட்டறையில் யாரும் நெடுநேரம் உட்காரவில்லை. சாயங்காலம் டீக்குத் தனியாகப் போனேன். பிறகு போகவில்லை.

அடுத்த கோடையில் மின்சாரம் வழக்கம்போல் போனது. ஃப்ரீசரின் பின்சுவரில் மலைபோல் உறைந்திருந்த ஐஸ் உருக ஆரம்பித்தது. துடைக்கப் போனவன் கையில், அலுமினியத் தாள் சுற்றிய சின்னக் குழாய் ஒன்று வந்து விழுந்தது. தாளின்மேல் அவர் கையெழுத்தில் புரோப்பின் பெயர். ஐஸ் எப்போதோ அதை விழுங்கி வைத்திருந்திருக்கிறது. அடியில் ஒரு சொட்டு. ஒரே ஒரு ஸ்லைடுக்குக் காணும்.

என் கை எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் இரண்டு ஸ்லைடையும் நானே செய்தேன். பிளேடு தெறித்து விரலில் பட்டது. வெறும் ஸ்லைடைப் பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டுவதுபோல் கழுவினேன். இருட்டறையில், வாழ்க்கையில் முதன்முறையாக, வெறும் ஸ்லைடை முதலில் வைத்தேன். உட்கருவை மட்டும் காட்டும் நீலச் சாயத்தில் உட்கருக்கள் வரிசையாகத் தெரிந்தன, புழுக்கள் இருந்தன. சிவப்புக்கு மாற்றினேன். இருட்டு. நல்ல, கெட்டியான இருட்டு. பிறகு மற்றது. புள்ளிகள். ஓரத்தில். உட்கரு தெளிவாக இருந்தபோது புள்ளியும் தெளிவாக இருந்தது.

உடனே விளக்கை மூடினேன். இந்தச் சாயத்துக்கு ஒரு குணம்: வெளிச்சம் பட்டால்தான் தெரியும், வெளிச்சம் படப்படவே அழியும். நான் ரசித்துக்கொண்டிருந்தால் அவருக்கு மிஞ்சாது.

போன் செய்தேன். “மேடம், வெறும் ஸ்லைடு வந்திருக்கு.”

அந்தப் பக்கம் பள்ளி மணி அடித்து ஓய்ந்தது.

“புழு இருக்கா?”

“இருக்கு மேடம்.”

“வேற யாராவது பார்த்தாங்களா?”

“இல்ல. பார்த்தா அழிஞ்சுடும்னு யாருக்கும் காட்டல.”

“நாளைக்கு வரேன்.”

மின்சார ரயிலில் வந்தார். சேலையில் சுண்ணக்கட்டித் தூள். இருட்டறைக்குப் போய், வெறும் ஸ்லைடை வைத்து, அந்த இருட்டைப் பார்க்க ஆரம்பித்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். தலைக்குமேல் விமானம் போனது, கையை எடுத்தார், மறுபடி வைத்தார். பிறகுதான் மற்றது. திருகை மெதுவாக மேலே, கீழே. படம் எடுத்தார். எனக்கு முதுகு மட்டும் தெரிந்தது.

“ஓரத்துல இருக்கு சார்” என்றார். “உள்பக்கமா, ஓரத்துல.”

நகர்ந்து எனக்கு இடம் விட்டார். நான் குனிந்தபோது புள்ளிகள் மங்க ஆரம்பித்திருந்தன. அவை ஒவ்வொன்றாக அணைவதை நாங்கள் மாறிமாறிப் பார்த்தோம்.

“தலைவர்கிட்டச் சொல்லலாமா மேடம்?”

“ஒரு தடவைதானே வந்திருக்கு. இன்னும் ரெண்டு தடவை வந்தாத்தான் சொல்லலாம். அதுக்குப் புரோப் இல்ல.” கைப்பையைத் தோளில் மாட்டினார். “நமக்குத் தெரியும். போதும்.”

டீக்கடைக்குப் போனோம். பழைய மாஸ்டர் போய்விட்டிருந்தார். புது ஆள் எங்களைக் கண்டு கிளாஸ் எடுக்கவில்லை. “இன்னா சார்? சக்கர போட்டா?” என்றார்.

“ஒண்ணுல சக்கரை வேணாம். ஸ்ட்ராங்கா” என்றேன். அவர் வாயைத் திறக்குமுன் சொல்லிவிட்டேன் என்பது சொன்ன பிறகுதான் தெரிந்தது.

அவர் என்னைப் பார்த்தார். வெறும் ஸ்லைடைப் பார்க்கிற அதே பார்வை.

“பஜ்ஜி மட்டும்னு சொன்னீங்க” என்றார்.

எனக்குப் பயம் வந்தது. வழக்கமாக வருவது அன்று வரவில்லை. டீ வந்தது. குடித்தோம். தாம்பரம் ஸ்டேஷன் மேம்பாலப் படிவரை போனேன். கையசைக்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது.

அந்தப் போன் நம்பர் பிறகு வேறு யாருக்கோ போய்விட்டது. பள்ளியில் விசாரித்தேன், வேலையை விட்டுவிட்டார் என்றார்கள், எந்த ஊர் என்று தெரியவில்லை. எனக்கு இப்போது தலையில் பாதி நரைத்துவிட்டது. தலைவலி வந்தால் மாத்திரையை மேசைமேல் வைத்து அதையே பார்த்துக்கொண்டு உட்காருகிறேன். பொறுக்க முடியாமல் இரண்டாக விழுங்குகிறேன். மனைவி சிரிக்கிறாள்.

அவர் இருக்கிறார். அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அது பாதி பதில்தான்.